அலுவலக நேரத்தில் புழு இல்லை

லோமா செகா ஊரில் புழு கிடையாது. இலைக் காப்பு ஆணையத்தின் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பதிவேடு பொய் சொல்லாது. அதில் ஒரு வரி எழுதவே ஐந்து பேர் கையெழுத்து வேண்டும். ஐந்து பேரும் ஒரே நாளில் அலுவலகத்துக்கு வந்ததாக இதுவரை தகவல் இல்லை.

இது தெரியாத அப்பாவி நிக்கானோர் சிலுப்பு. அவன் தோப்பில் நாற்பத்து மூன்று அல்கரோபோ மரங்கள் இருந்தன. நம்மூரில் வேரோடு பிடுங்கு என்று கோர்ட்டுவரை போகிறோமே சீமைக் கருவேலம், அதற்குக் கூடப்பிறந்த அக்கா இந்த மரம். பியூரா மாகாண மணலில் அதுதான் நிழல், அதுதான் ஆட்டுக்குத் தீனி. அதன் மஞ்சள் காயைப் பொறுக்கி வேகவைத்து, வடித்து, சுண்டக் காய்ச்சினால் கறுப்பாக ஒரு பாகு இறங்கும். அந்தப் பாகை விற்றுத்தான் நிக்கானோரும் அவன் மனைவி தொமித்திலாவும் பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தினார்கள். மரத்தை எடுத்துவிட்டால் அவர்களுக்கு மிஞ்சுவது பதினோரு ஆடும் வெயிலும்.

அந்தச் செப்டம்பரில் இலைகள் குறைய ஆரம்பித்தன. காலையில் பார்த்தால் மரத்தடியில் மிளகு சிந்தியதுபோல் புழுக்கை கிடந்தது. கிளையில் தேடினால் ஒரு புழுவும் இல்லை. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு நிக்கானோருக்கு விஷயம் பிடிபட்டது. அந்தப் புழு இருட்டில் மேய்ந்துவிட்டு, விடியும் முன் இறங்கி வந்து பட்டை வெடிப்பிலும் சருகிலும் படுத்துக்கொள்கிறது. பட்டை நிறமும் புழு நிறமும் ஒன்று. ஆகவே அவன் ஒரு சணல் சாக்கை இரண்டாக மடித்து அடிமரத்தில் இடுப்புயரத்துக்குக் கட்டினான். காலையில் அவிழ்த்தால் மடிப்புக்குள் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்துத் தூங்கிக்கொண்டிருந்தன. டப்பாவில் வழித்துக் கோழிக்குக் கொட்டினான். கோழிகள் பருத்தன, சாக்குக் கட்டிய மரம் பிழைத்தது.

வீட்டில் இருந்தது ஒன்பது சாக்கு. மீதி முப்பத்து நான்கு மரத்துக்குக் கட்ட முப்பத்து நான்கு பழைய சாக்கு வேண்டும். அதைக் கேட்கத்தான் அவன் நகரத்திலிருந்த ஆணையத்துக்குப் போனான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

"சாக்குக்குப் போயி சர்க்காரா?" என்றாள் தொமித்திலா. "அரிசி மண்டியில கெஞ்சுனா நாலு குடுப்பான்."

"நாலு பத்தாதுடி. மரத்தக் காப்பாத்தத்தானே ஆபீசு வெச்சிருக்காங்க. வாசல்ல மரம் படம் போட்டிருக்கு."

"கசாப்புக் கடை வாசல்லயும்தான் ஆடு படம் போட்டிருக்கான்."

நிக்கானோர் சிரித்துவிட்டுத் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். அவனுக்கு அரசாங்கத்தின் மேல் ஒரு கோபமும் கிடையாது. அதுவரை அதோடு பழகியதும் இல்லை.

முதல் மனுவை வாங்கிய குமாஸ்தா அதைப் படிக்கவே இல்லை. தலைப்பைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இந்த நாட்டில் ஒவ்வொரு ஆண்டுக்கும் அரசு ஒரு பெயர் வைக்கும். காகிதத்தின் உச்சியில் அந்தப் பெயரை எழுதாவிட்டால் அது காகிதமே இல்லை. நிக்கானோர் 'மக்கள் மேன்மை ஆண்டு' என்று எழுதியிருந்தான். அது போன ஆண்டு. மேன்மை டிசம்பரோடு முடிந்து, இப்போது 'தேசிய நம்பிக்கைத் தழைப்பு ஆண்டு' நடந்துகொண்டிருந்தது. நம்பிக்கை தழைக்கிற மாதிரி திருத்தி எழுதிக்கொண்டு மறுவாரம் போனான். அதற்குள் இன்னும் நான்கு மரம் மொட்டையாகியிருந்தது.

இந்தமுறை ஆணையத் தலைவரையே பார்க்க முடிந்தது. பொறியாளர் வில்லசாந்தே பெரிய மனிதர். அவர் மேசையில் வெண்கலத்தில் ஒரு அல்கரோபோ மரம் இருந்தது. அதில் இலை குறையவே குறையாது.

"நல்ல நேரத்துல வந்தப்பா," என்றார். "புழுவ எதிர்த்து நாங்க பன்னெண்டு துணைக்குழு போட்டிருக்கோம். நாலு குழு வேலை செய்யுது, மீதி எட்டு அந்த நாலையும் கண்காணிக்குது. உனக்கு என்ன வேணும்?"

"சாக்கு வேணும், இஞ்சினியரய்யா. முப்பத்தி நாலு."

பொறியாளர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. மருந்து கேட்டால் இல்லை என்று சொல்லலாம், நிதி கேட்டால் அடுத்த ஆண்டு என்று சொல்லலாம். சாக்குக்கு அவரிடம் பதிலே இல்லை. ஆகவே விதியை எடுத்தார்.

"சாக்கெல்லாம் அப்புறம். மொதல்ல ஆய்வு. விதி பதினாலு: பாதிக்கப்பட்ட தோப்பு வாசல்ல கம்பு நட்டு வெள்ளத் துணி ஏத்தணும். அதப் பார்த்துட்டு எங்க ஜீப் வரும். வியாழக்கிழமை, எட்டரையிலேர்ந்து ஒண்ணுக்குள்ள."

நிக்கானோர் தலையைச் சொறிந்தான். "அய்யா, எங்க பக்கம் வெள்ளத் துணி ஏத்துனா..."

"தலைநகரம் லீமாவுல உக்காந்து பெரியவங்க போட்ட விதிப்பா அது."

பியூராவில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் லீமாவின் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இங்கே வாசலில் கம்பு நட்டு வெள்ளைத் துணி ஏற்றினால், அந்த வீட்டில் சிச்சா தயார் என்று அர்த்தம். சோளத்தை முளைகட்டிக் காய்ச்சிப் புளிக்கவைத்த கள் அது. பானை காலியானால் துணியை இறக்கிவிடுவார்கள். வேறு எதற்காகவும் யாரும் வெள்ளைத் துணி ஏற்றமாட்டார்கள்.

நிக்கானோர் ஏற்றினான். அன்று மதியத்துக்குள் ஏழு பேர் வந்து சுரைக் குடுவை கேட்டார்கள்.

"சிச்சா இல்லங்க. புழு இருக்கு," என்றான்.

"அது தொட்டுக்கவா?" என்றான் ஒருவன்.

தொமித்திலா சும்மா இருக்கவில்லை. "கேக்குறவன் வாய அடைக்கிறதுக்குப் பதிலா நாலு படி சோளத்த ஊறப்போட்டிருக்கலாம். புழுவ நம்பி ஏத்துன துணி, பொழப்புக்காவது ஆவும்."

வியாழக்கிழமை ஜீப் வந்தது. லோமா செகாவுக்குள் நுழைந்ததும் முதலில் இருப்பது கிளியோஃபே அக்காவின் சிச்சா வீடு. அங்கே முப்பது வருஷமாக வெள்ளைத் துணி பறக்கிறது. ஆய்வுக் குழு அங்கேயே இறங்கியது. ஒரு மணிவரை அங்கே ஆய்வு நடந்தது. வறுத்த வாழைக்காய்ச் சீவலும் எலுமிச்சையில் ஊறிய மீனும் ஆய்வுக்கு உதவின. ஒரு மணிக்கு ஜீப் திரும்பிப் போனது. 'கொடி ஏற்றிய இடம் ஆய்வு செய்யப்பட்டது. புழு இல்லை. பொதுமக்கள் மகிழ்ச்சியாக உள்ளனர்' என்று அறிக்கை எழுதப்பட்டது.

மூன்று வியாழன் இப்படியே போனது. மூன்றாவது வாரம் ஜீப்பின் பின்னால் நிக்கானோர் கையைத் தட்டிக்கொண்டே ஓடினான். உள்ளே இருந்தவர்களும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்கள்.

கடைசியில் அவன் கிளியோஃபே அக்காவிடமே போய் நின்றான். "அக்கா, ஒரே ஒரு வியாழக்கிழமை உன் துணிய இறக்கி வையி. அவங்க என் தோப்புக்கு வரட்டும்."

"வந்து என்னத்தக் கிழிக்கப் போறாங்க?"

"சாக்கு குடுப்பாங்கக்கா."

கிளியோஃபே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லவன்டா நீ. அதுதான் உங்கிட்ட உள்ள கோளாறு. சரி போ, இறக்குறேன்."

நாலாவது வியாழன் ஜீப் ஊரைத் தாண்டி, தாகத்தோடு, அடுத்த வெள்ளைத் துணியைத் தேடிக்கொண்டு வந்து நிக்கானோர் வாசலில் நின்றது. பொறியாளர் வில்லசாந்தேயும் அன்று கூட வந்திருந்தார். குடுவை வரவில்லை என்றதும் வேறு வழியில்லாமல் தோப்புக்குள் நடந்தார்.

நிக்கானோர் பெருமையாக முதல் சாக்கை அவிழ்த்தான். மடிப்புக்குள் புழுக்கள் நெளிந்தன. பொறியாளர் மூன்றடி பின்னால் துள்ளினார். புழு எதிர்ப்பில் அவருக்குப் பதினாறு வருஷ அனுபவம். புழுவைப் பார்ப்பது அன்றுதான் முதல்முறை.

"இதுவா அது?" என்றார், குரல் இறங்கி.

"இதுதாங்கய்யா."

அளந்தார்கள், எண்ணினார்கள், படம் பிடித்தார்கள். ஒன்பது சாக்கிலும் சேர்த்து இரண்டாயிரத்து நூற்றுப் பதினொன்று. பிறகு சாக்கில்லாத முப்பத்து நான்கு மரத்தையும் சுற்றிவந்தார்கள். நல்ல வெயில், மணி பன்னிரண்டு. ஒரு புழுவும் தட்டுப்படவில்லை. பக்கத்துத் தோப்புகளிலும் எட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் இல்லை. பொறியாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிக்கானோரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சாக்கு கிடைத்துவிடும் என்று நிக்கானோருக்குத் தோன்றியது.

கிடைத்தது சம்மன். விசாரணையை நடத்தியவர் ஆணையத்தின் வக்கீல் சொரைதா அம்மையார். இங்கே சட்டம் படித்தவர்களையும் டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும்.

"மாகாணம் பூராவும் தேடியாச்சு," என்றார் டாக்டர் சொரைதா. "புழு இருக்கிறது உன் தோப்புல மட்டும்தான். அதுவும் நீ படுக்கை போட்டுக் குடுத்த ஒம்பது மரத்துல மட்டும். மெத்துனு, மடிச்சு, கதகதப்பா. இதுக்குச் சட்டத்துல பேரு என்ன தெரியுமா? பீடைக்குத் தஞ்சம் கொடுத்தல்."

"டாக்டரம்மா, நான் கொல்றதுக்குத்தாம்மா கட்டுனேன். தூங்க வரும், காலையில புடிச்சுக் கொன்னுருவேன்."

"அதாவது, தங்க எடம் குடுத்து, நம்பி வந்து தூங்குறப்பக் கொல்ற. இத நானே எழுதிக்கட்டுமா, இல்ல நீயே உன் வாயால திருத்திச் சொல்றியா?"

நிக்கானோருக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த பொறியாளரைப் பார்த்தான். அந்த அறையில் அவனைத் தவிரப் புழுவை நேரில் பார்த்தவர் அவர்தான்.

"அய்யா, எல்லா மரத்துலயும் இருக்குதுங்கய்யா. பகல்ல ஒளிஞ்சுக்குது. ஒரு நாள் பொழுது சாஞ்சப்புறம் வந்து பாருங்க, மரமே மொறுமொறுன்னு சத்தம் போடும்."

பொறியாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். இது அவருக்குப் பிடித்த இடம். "கேளுப்பா. ஆணையத்தோட நேரம் எட்டரையிலேர்ந்து ஒண்ணு. அந்த நேரத்துல புழு இல்ல. ஏன் இல்ல? எங்களுக்குப் பயந்துக்கிட்டுத்தான் இல்ல. மத்த நேரத்துல அது என்ன செய்யுதுங்கிறது அதோட சொந்த விஷயம். நாங்க ஆபீசு முடிஞ்சு வீட்டுக்குப் போனப்புறம் எங்களப் பின்தொடர்ந்து யாராவது பாக்குறாங்களா?"

ஒன்பது சாக்கும் பறிமுதல் செய்யப்பட்டன. அரக்கு வைத்து முத்திரை குத்தி, தடயப் பொருள் என்று அலமாரியில் பூட்டினார்கள். அந்த அறையில் வேறு சாக்குகளும் அடுக்கியிருந்ததை நிக்கானோர் பார்த்தான். சுமார் இருநூறு இருக்கும். புழுவைப் பிடிப்பதற்காக முந்தைய ஆணையம் வாங்கியவை என்று குமாஸ்தா சொன்னார். பயன்படுத்தினால் கிழிந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருந்தார்களாம்.

பறிமுதல் நடந்த பதினோராம் நாள் இலை தினம் வந்தது. சதுக்கத்தில் அணிவகுப்பு. பன்னிரண்டு துணைக்குழுவும் பச்சைப் பட்டை கட்டிக்கொண்டு முழங்காலை நெஞ்சுவரை தூக்கித் தூக்கி மிதித்து நடந்தன. திருந்திய குடிமகன் என்ற முறையில் நிக்கானோருக்கும் அழைப்பு வந்திருந்தது. வராவிட்டால் அபராதம் என்று அதே அழைப்பில் இருந்தது. அவன் கையில் ஒரு அட்டையைக் கொடுத்து முன்வரிசையில் நிறுத்தினார்கள். அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று கடைசிவரை அவன் பார்க்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றபோது அவன் நினைப்பெல்லாம் வீட்டில், ஒன்பது மரத்தில் இருந்தது.

பொறியாளர் மேடையில் பேசினார். "போன வருஷம் மாகாணத்தில் நான்கு இடங்களில் புழு இருந்தது. இந்த வருஷம் ஒரே இடம். அந்த ஓர் இடத்திலும் புழு தங்கிய சாக்குகளை நமது ஆணையம் துணிச்சலோடு கைப்பற்றியது. சாக்கு போனது, புழு போனது! இலைகளைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். இலை இன்று இருக்கும், நாளை உதிரும். ஆணையம் உதிராது!"

இசைக்குழு முழங்கியது. தீர்ப்பு சொன்னவருக்கும் சாக்கைத் தூக்கியவருக்கும் பதக்கம் குத்தினார்கள்.

நிக்கானோர் வீட்டுக்கு வந்தபோது தொமித்திலா வாசலில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்து மூன்று மரமும் மொட்டை. சாக்கு கட்டியிருந்த ஒன்பதும் சேர்த்துத்தான். தோப்புக்குள் நின்றால் வானம் முழுசாகத் தெரிந்தது. ஆனாலும் கும்பிடுகிற சாமியை விட்டுவிடவில்லை அவன்.

"அழாத. வேரு உசுரோட இருக்கு. இருபது இருபத்தஞ்சு நாள்ல தளுத்துரும். இந்த வருஷம் காய் போச்சு, அவ்வளவுதான். மரம் போவல."

"நீ அந்த ஆபீசுக்கு மட்டும் இனிமே போயிராத," என்றாள் அவள்.

அவன் போகவில்லை. அவர்கள்தான் வந்தார்கள். வெள்ளைத் துணியை இறக்க அவனுக்கு உத்தரவு வரவில்லை, ஆகவே அது இன்னும் பறந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்து ஜீப்பும் அதன் பின்னால் ஒரு லாரியும் வந்தன. லாரியில் அறுவை இயந்திரங்களோடு ஆறு பேர். டாக்டர் சொரைதா விதிப்புத்தகத்தை விரித்தார்.

"விதி ரெண்டு. மரம் என்பது இலையுடைய தாவரம். இங்க இலை இருக்கா? இல்ல. அப்ப இது மரமில்ல, நட்டு வெச்ச கட்டை. கட்டையில பீடை தங்கும். அப்புறப்படுத்தணும்."

நிக்கானோர் ஓடிப்போய் ஒரு மரத்தின் பட்டையை நகத்தால் கீறினான். உள்ளே பச்சை பளிச்சென்று தெரிந்தது. "அய்யா, இங்க பாருங்க, பச்சையா இருக்கு! உசுரு இருக்குதுங்கய்யா!"

பொறியாளர் குனிந்து பார்த்தார். பார்த்தது உண்மை, அதை நான் மறைக்க விரும்பவில்லை. "பச்சைதான்," என்றார். "ஆனா பட்டைக்கு உள்ள இருக்கிறது எங்க துறை இல்ல. நாங்க இலைக் காப்பு ஆணையம்."

"இருபது நாள் குடுங்கய்யா. இருபதே நாள். தளுக்கலேன்னா நானே வெட்டித் தரேன்."

"தாராளமா மேல்முறையீடு பண்ணு," என்றார் டாக்டர் சொரைதா. "முப்பது வேலை நாளுக்குள்ள பதில் வரும். வெட்டுறது மட்டும் இன்னைக்கு."

வெட்டினார்கள். அன்றைக்கு மட்டும் மணி ஒன்றைத் தாண்டியும் ஆணையம் வேலை செய்தது. சாயங்காலத்துக்குள் பதினெட்டு வருஷத்தை லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள். லாரி கரி சுடும் சூளைப் பக்கம் திரும்பியது. தொமித்திலா அழவில்லை. டாக்டர் சொரைதா ஜீப்பில் ஏறும்போது அவள் கிட்டே போய்ச் சொன்னாள்:

"புழு இலையத்தாம்மா தின்னுச்சு."

டாக்டர் சொரைதா அதையும் குறித்துக்கொண்டார். புழு இருந்ததற்கு வாக்குமூலம்.

வயிறு என்று ஒன்று இருக்கிறதே. பாகு இல்லாத வீட்டில் தொமித்திலா சோளத்தை ஊறப்போட்டாள். பானை வைத்தாள். துணி ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது, வந்து கேட்கிற ஆட்களும் பழகியிருந்தார்கள். கிளியோஃபே அக்கா போட்டி என்று முகம் சுளிக்கவில்லை. புளிப்பு சரியாக வர என்ன செய்ய வேண்டும் என்று அவளே வந்து காட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். பெஞ்சு வாங்க வழியில்லை. நாற்பத்து மூன்று அடிக்கட்டை இருந்தது, ஆளுக்கொன்றில் உட்கார்ந்தார்கள்.

வெட்டி ஒரு மாதம் ஆனபோது, வாசலை ஒட்டிய கட்டை ஒன்றின் ஓரத்தில் தளிர் விட்டது. விரல் நீளம், ஒரே ஒரு குருத்து. நிக்கானோர் அதைப் பார்த்த அன்று வேலையே செய்யவில்லை. ஆடு கடித்துவிடாமல் முள்ளைச் சுற்றி வைத்தான். காலையில் எழுந்ததும் முதலில் அதைப் பார்ப்பான். சாயங்காலம் குடுவை கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றுவான். குடிக்க வருகிறவர்களிடம், "அந்தக் கட்டையில மட்டும் உக்காராதீங்க மச்சான்," என்பான். எவ்வளவு போதையிலும் ஒருவனும் அதில் உட்காரவில்லை.

ஒரு வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஜீப் வந்தது. பொறியாளர் வில்லசாந்தே இறங்கினார். வெள்ளைத் துணியைப் பார்த்து முகம் மலர்ந்தது. முள்ளைப் பூட்சுக் காலால் ஒதுக்கிவிட்டு வாசலை ஒட்டிய கட்டையிலேயே உட்கார்ந்தார். நிக்கானோர் குடுவையோடு வருவதற்குள் உட்கார்ந்தாகிவிட்டது.

"பொழைக்கத் தெரிஞ்சுக்கிட்டியே!" என்றார் ஒரே மூச்சில் குடித்துவிட்டு. "ஆணையம் எடுத்த நடவடிக்கையால உனக்கு ஒரு தொழிலே வந்திருக்கு. இத நான் அறிக்கையில எழுதுறேன்." தொப்பியால் விசிறிக்கொண்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணாந்து பார்த்தார், சுற்றிலும் பார்த்தார். "எல்லாம் சரி. உக்கார்றதுக்கு நல்ல வசதி பண்ணி வெச்சிருக்க. நெழலுதான் இல்ல. ஒரு மரம் கிரம் வெச்சிருக்கக் கூடாதாப்பா?"

தன் கால் நடுவே நின்ற குருத்தைப் பொறியாளர் பேச்சுவாக்கில் ஒடித்தார். இலையை உருவிக் கீழே போட்டார். வழியில் தின்ற மீனின் முள் பல்லில் சிக்கியிருந்தது, அதைக் குச்சியால் நோண்டிக்கொண்டே வெறும் குடுவையை நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்து. நல்லா இருக்கு."

நிக்கானோர் குடுவையை வாங்கவில்லை. மெதுவாகக் கம்பத்துக்கு நடந்து போய், கயிற்றை அவிழ்த்து, வெள்ளைத் துணியை இறக்கினான்.

"தீந்துபோச்சு, இஞ்சினியரய்யா."

உள்ளே, விளிம்புவரை நிறைந்திருந்த மூன்று பானைகளையும் தொமித்திலா ஒவ்வொன்றாகத் தட்டுப்போட்டு மூடினாள்.